மெமெண்டோ பார்க்கப் போகிறீர்களா? ஒரு நோட்டும் இரண்டு நாளும் ஒதுக்குங்கள்

கிறிஸ்டோபர் நோலன் இயக்கி 2000-ஆம் ஆண்டு வெளிவந்த மெமெண்டோ எனக்குப் பிடிபட நான்கு முறை உட்கார வேண்டியிருந்தது. முதல் முறை இரவு பதினொன்றரைக்கு ஆரம்பித்தேன், முக்கால் மணி நேரத்தில் தூக்கம் வந்துவிட்டது. இரண்டாம் முறை கையில் போன் இருந்தது. நடுவில் இரண்டு மெசேஜுக்குப் பதில் போட்டேன், அதோடு கதை கைநழுவிப் போனது. மூன்றாம் முறை கடைசிவரை பார்த்துவிட்டேன். யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்று நான் போட்டு வைத்திருந்த கணக்கு முழுக்கத் தப்பு என்று படம் முடிந்தபோது தெரிந்தது. எங்கே தவறினேன் என்று திரும்பிப் பார்க்கலாம் என்றால் வாடகைக் கெடு முடிந்திருந்தது.

நான்காம் முறை ஒழுங்காகத் திட்டம் போட்டு உட்கார்ந்தேன். அந்தத் திட்டத்தைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். இதன்படி போனால் உங்களுக்கு இரண்டு முறை போதும். ஏழாவது படி வரை கதையின் முடிச்சு எதையும் அவிழ்க்கவில்லை, தைரியமாகப் படிக்கலாம். எட்டாவது படியைப் படம் பார்த்த பிறகு மட்டும் படியுங்கள்.

கதை இவ்வளவுதான். லெனர்ட் ஷெல்பி என்பவனுக்குத் தலையில் அடிபட்ட பிறகு புதிதாக எதுவும் நினைவில் நிற்பதில்லை. மனைவியைக் கொன்றவனைத் தேடுகிறான். எடுத்த உடனே கேமராவிலிருந்து அச்சாகி வரும் போலராய்டு படங்களை எடுத்து அவற்றின் மேல் குறிப்பு எழுதிக்கொள்கிறான். மறக்கவே கூடாததை உடம்பில் பச்சை குத்திக்கொள்கிறான். இதற்கு மேல் ஒரு வரிகூடத் தெரிந்துகொள்ளாமல் போவது நல்லது.

1. எந்தப் பிரதி, எவ்வளவு செலவு

ஓடிடி தளங்களில் படங்கள் வரும், போகும். நீங்கள் ஏற்கெனவே சந்தா கட்டும் தளத்தில் இருந்தால் செலவே இல்லை. இல்லையென்றால் வாடகைக்கு எடுக்கலாம். நான் எடுத்தபோது 120 ரூபாய் ஆனது. கெடு முடிந்து மறுபடி எடுத்ததால் எனக்கு 240.

இங்கேதான் முதல் பொறி. வாடகைப் படங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு கெடு இருக்கும். பணம் கட்டிய பிறகு பார்க்கத் தொடங்க 30 நாள், தொடங்கிய பிறகு முடிக்க 48 மணி நேரம். ப்ளே பட்டனைச் சும்மா ஒரு தடவை அழுத்தி 'ஓடுகிறதா' என்று பார்த்தாலே இரண்டாவது கெடு ஓட ஆரம்பித்துவிடும். மற்ற படங்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை, ஒரு முறை பார்த்தால் முடிந்தது. இந்தப் படத்துக்கு இரண்டு முறை வேண்டும், அந்த இரண்டும் 48 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். பணம் கட்டும் பக்கத்தில் என்ன கெடு போட்டிருக்கிறார்கள் என்று படித்துவிட்டுக் கட்டுங்கள்.

இரண்டாவது பொறி, காட்சிகளை வரிசைப்படுத்திய பிரதி. இந்தப் படத்தின் இரண்டு வட்டு டிவிடி பதிப்பு ஒன்றில், நடந்த வரிசையிலேயே காட்சிகளை அடுக்கிய பிரதி ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. ரசிகர்கள் தாங்களாகவே வெட்டி ஒட்டிய பிரதிகளும் இணையத்தில் உண்டு. 'குழப்பம் இல்லாமல் பார்க்கலாமே' என்று அதை முதலில் பார்க்காதீர்கள். அப்படிப் பார்த்த நண்பர் ஒருவர் 'சாதாரணப் பழிவாங்கும் கதைதானே' என்று சொல்லிவிட்டார். எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த மனுஷனின் தலைக்குள் நம்மை உட்கார வைப்பதற்குத்தான் இவ்வளவு குழப்பமும். வரிசைப்படுத்தினால் அது போய்விடுகிறது, இரண்டாவது தடவை திரும்பக் கிடைக்காது.

மூன்றாவது, சப்டைட்டில். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தாலும் போட்டுக்கொள்ளுங்கள், முணுமுணுப்பாகப் பேசும் இடங்கள் நிறைய. ஆனால் காது கேளாதோருக்கான சப்டைட்டிலில் பேசுபவரின் பெயரும் சேர்ந்து அச்சாகலாம். போனில் மறுமுனையில் யார் என்பதே இந்தப் படத்தில் ஒரு கேள்வி. ஆகவே சாதாரண சப்டைட்டிலைத் தேர்ந்தெடுங்கள்.

2. பக்கத்தில் எடுத்து வைக்க வேண்டியவை

- கோடு போட்ட நோட்டு ஒன்று. பிள்ளைகளின் பழைய நோட்டில் மிச்சமிருக்கும் பக்கங்களே போதும்.
- ஏ4 தாள் ஆறு. ஒவ்வொன்றையும் மூன்று முறை மடித்துக் கிழித்தால் தாளுக்கு எட்டுச் சீட்டு, மொத்தம் 48. உங்களுக்குத் தேவை 45.
- நீலப் பேனா ஒன்று, கறுப்புப் பேனா ஒன்று.
- ரப்பர் பேண்டு இரண்டு.

கடையில் வாங்கினாலும் பெரிய செலவு ஆகாது. சீட்டுகள் இரண்டாம் முறைக்கு. முதல் முறை நோட்டு மட்டும்.

போனிலேயே குறிப்பு எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். போனைத் திறந்தால் வேறு எதையாவது பார்ப்போம். இந்தப் படத்தில் நாற்பது விநாடி கவனம் தவறினாலே ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இருக்கும் கொக்கி கழன்றுவிடும்.

3. நேரத்தைப் பிரிப்பது

படம் 113 நிமிடம். நான் போட்ட கணக்கு இது.

வெள்ளி இரவு 8.30-க்கு முதல் முறை. சாப்பாடு, பாத்திரம் எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். 10.25 வாக்கில் படம் முடியும். சனி மாலை நான்கு மணிக்கு இரண்டாம் முறை. நிறுத்தி நிறுத்தி எழுதுவதால் இதற்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். ஏழரைக்குள் முடிந்துவிடும், 48 மணி நேரக் கெடுவில் இன்னும் ஒரு நாள் கையில் இருக்கும். ஞாயிறு காலை சீட்டுகளை அடுக்க ஒரு மணி நேரம். சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்கத்தான் அந்த மிச்ச நேரம்.

நம் ஊர்ப் படங்களில் இடைவேளைக்குப் பழகியவர்கள் நாம். இந்தப் படத்தில் அதற்கான இடம் கிடையாது. எழுந்தே ஆக வேண்டும் என்றால் கலர் காட்சி முடிந்து கறுப்பு வெள்ளை தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். திரும்பி வந்ததும் ஒரு நிமிடம் பின்னால் தள்ளிவிட்டுத் தொடருங்கள். கலர் காட்சியின் நடுவில் மட்டும் நிறுத்த வேண்டாம்.

யாரோடு பார்ப்பது என்பதும் முக்கியம். தனியாகப் பார்க்கலாம், அல்லது இதற்கு முன் பார்க்காத ஒருவரோடு பார்க்கலாம். ஏற்கெனவே பார்த்தவர் பக்கத்தில் இருந்தால், ஒரு பாத்திரம் திரையில் வந்ததுமே அவர் முகம் மாறுவதை வைத்து நமக்குப் பாதி தெரிந்துவிடும். பிள்ளைகளோடு பார்க்கும் படம் இல்லை இது. மனைவி தாக்கப்படும் காட்சி, கொலை, போதைப்பொருள், வசை எல்லாம் உண்டு.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். வீட்டில் யாருக்காவது மறதி நோய் இருந்து, நீங்கள் அவர்களைக் கவனித்துக்கொள்பவராக இருந்தால் இந்தப் படத்தின் சில இடங்கள் நெஞ்சைப் பிசையும். எங்கள் பாட்டி கடைசி மூன்று வருடம் என்னை என் அப்பாவின் பெயரால்தான் கூப்பிட்டார். இன்சுலின் ஊசி சம்பந்தப்பட்ட ஒரு காட்சியில் நான் நிறுத்திவிட்டு வாசலில் போய் நின்றேன். முன்கூட்டியே தெரிந்திருந்தால் வேறொரு நாள் பார்த்திருப்பேன்.

4. படத்தின் கடிகாரம் எப்படி ஓடுகிறது

இதை முன்கூட்டியே சொல்வது படத்தைக் கெடுக்காது. தெரியாமல் உட்காருவதுதான் முதல் அரை மணி நேரத்தை வீணாக்குகிறது.

படத்தில் இரண்டு வகைக் காட்சிகள் மாறி மாறி வரும். கறுப்பு வெள்ளைக் காட்சிகள் நேராக முன்னோக்கிப் போகும், அவற்றில் எந்தச் சிக்கலும் இல்லை. பெரும்பாலும் ஒரு மோட்டல் அறை, போனில் பேசும் லெனர்ட், அவன் சொல்லும் சாமி ஜாங்கிஸ் என்பவரின் கதை.

கலர் காட்சிகள் பின்னோக்கி அடுக்கப்பட்டவை. ஒவ்வொரு காட்சிக்குள்ளும் நடப்பது வழக்கம்போல முன்னோக்கித்தான் நடக்கும், ஆனால் அடுத்து வரும் காட்சி இதற்கு முன் நடந்ததாக இருக்கும். நம் அந்தாதியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டு முடியும் சொல்லில் அடுத்த பாட்டு தொடங்குமே, அதைக் கடைசிப் பாட்டில் ஆரம்பித்து முதல் பாட்டு நோக்கிப் படித்தால் எப்படி இருக்கும்? ஒரு பாட்டைப் படித்து முடிக்கும் சொல், நீங்கள் சற்று முன் படித்த பாட்டின் முதல் சொல்லாக இருக்கும். கலர் காட்சிகள் அப்படியே. ஒவ்வொன்றின் முடிவிலும், முன்பு பார்த்த காட்சியின் தொடக்கம் சில விநாடி திரும்ப வரும். கதவு திறப்பதோ, ஒரு வாக்கியமோ, ஒரு காகிதமோ. அதுதான் கொக்கி. அதைப் பிடித்துவிட்டால் படத்தைப் பிடித்துவிட்டீர்கள்.

நிஜமாகவே ரீலைத் திருப்பி ஓட்டியது முதல் காட்சியில் மட்டும். ஒரு கை போலராய்டு படத்தை உதறுகிறது. உதற உதறப் படம் தெளிவதற்குப் பதில் மங்குகிறது. பிறகு அது கேமராவுக்குள் திரும்பிப் போகிறது, சுவரில் வழிந்த ரத்தம் மேலே ஏறுகிறது. இதைப் பார்த்துவிட்டு முழுப் படமும் இப்படித்தான் ஓடும் என்று புதியவர்கள் மிரண்டுவிடுகிறார்கள். பெயர்கள் ஓடி முடிந்ததோடு அது முடிந்தது.

ஏன் இப்படி அடுக்கினார்கள் என்பது பார்க்கும்போதே உடம்புக்குத் தெரியும். லெனர்ட் ஒரு இடத்தில் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கிறான். எதற்கு ஓடுகிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. தூரத்தில் இன்னொருவன் ஓடுவது தெரிகிறது. சரி, இவனைத்தான் துரத்துகிறேன் போல என்று அவனை நோக்கித் திரும்புகிறான். அவன் துப்பாக்கியை நீட்டிச் சுடுகிறான். துரத்துவது அவன். அந்த விநாடியில் நமக்கும் லெனர்டுக்கும் தெரிந்தது ஒரே அளவுதான்.

அவனுடைய நோயைப் பற்றியும் இரண்டு வரி தெரிந்திருக்கட்டும். படத்தில் அதைக் குறுகியகால நினைவு போய்விட்டதாகச் சொல்வார்கள். உண்மையில் சில நிமிட நினைவு அவனுக்கு இருக்கிறது, அதனால்தான் பேச முடிகிறது, கார் ஓட்டிக்கொண்டே யோசிக்க முடிகிறது. அதை நிரந்தர நினைவாக மாற்றிச் சேமிக்கும் வேலைதான் நின்றுபோயிருக்கிறது. மருத்துவத்தில் இதற்கு மிகவும் அறியப்பட்ட நோயாளி ஹென்றி மொலைசன். வலிப்புக்காக 1953-இல் தன் 27-ஆவது வயதில் மூளை அறுவை செய்துகொண்டவர். அதில், புதிய நினைவுகளைச் சேமிக்க உதவும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் கணிசமான பாகம் போனது. 2008-இல் இறக்கும்வரை புதிய மனிதர்களையோ சம்பவங்களையோ அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. ஆனால் பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைக் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னபோது, நாளுக்கு நாள் அவர் கை தேறியது. முன்பு வரைந்ததே அவருக்கு நினைவில்லை, கைக்கு நினைவிருந்தது. படத்தில் சாமிக்கு வைக்கும் ஒரு சோதனை இதை ஒட்டியதுதான். அந்தக் காட்சி வரும்போது நிமிர்ந்து உட்காருங்கள்.

'கஜினி பார்த்திருக்கிறேன், இது தெரிந்த கதைதான்' என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2005-இல் வந்த கஜினி, பச்சை குத்திய உடம்பையும் போலராய்டுகளையும் இந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டது உண்மை. ஆனால் அங்கே டைரி வழியே பின்கதை தெளிவாக வந்துவிடும், வில்லன் யார் என்பதில் நமக்குச் சந்தேகமே இருக்காது. நாயகனுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும், அதனால் அவனுக்காகப் பதறுவோம். இங்கே நமக்கும் எதுவும் தெரியாது. கஜினியை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் யாரோ ஒருவரை வில்லன் நாற்காலியில் முன்கூட்டியே உட்கார வைத்துவிடுவீர்கள். நான் வைத்தேன்.

5. முதல் முறை: என்ன எழுதுவது, எப்படி எழுதுவது

நோட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் 'கண்டது', வலப்பக்கம் 'நினைத்தது'.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றுவேன் என்றால் இதைப் பின்பற்றுங்கள். மூன்றாம் முறை பார்த்தபோதும் நான் குறிப்பு எடுத்தேன். ஆனால் என் நோட்டில் இருந்தவை இப்படி (டெடி, நேட்டலி, கீழே வரும் டாட் எல்லாம் படத்தின் பாத்திரங்கள்): 'டெடி சரியில்லை.' 'நேட்டலி பாவம், உதவுகிறாள்.' 'சாமி கதை முக்கியம்.' எல்லாம் தீர்ப்பு. எதைப் பார்த்து அப்படி எழுதினேன் என்று ஒன்றில்கூட இல்லை. பத்து நிமிடம் கழித்து அந்த வரியைப் படிக்கும்போது அது எனக்கு உண்மையாகவே ஆகிவிட்டது, ஏனென்றால் எழுதியது என் கை. லெனர்டும் சரியாக இதைத்தான் செய்கிறான்.

ஆகவே இடப்பக்கத்தில் கண்ணால் கண்டது, காதால் கேட்டது மட்டும். 'நேட்டலி உதட்டில் காயத்தோடு உள்ளே வந்தாள். டாட் அடித்ததாகச் சொன்னாள்.' அவ்வளவுதான். டாட் அடித்தான் என்று எழுதாதீர்கள், நீங்கள் அதைப் பார்க்கவில்லை. 'சொன்னாள்' என்ற ஒரு சொல் பின்னால் எவ்வளவு உதவும் என்று அப்போது தெரியும். மனதில் தோன்றுவதை வலப்பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம், தடையில்லை.

எல்லாவற்றையும் எழுதப் போனால் படம் ஓடிவிடும். மொத்தம் பத்துப் பன்னிரண்டு வரி போதும். நான் கவனிக்கச் சொல்வது இவற்றை:

லெனர்டின் உடை. கறுப்பு வெள்ளையில் கட்டம் போட்ட சட்டை, கலரில் வெளிர்நிறக் கோட்டு சூட்டு. எங்கிருந்து வந்தது?

அவன் ஓட்டும் ஜாகுவார் கார். ஓட்டுநர் பக்கக் கண்ணாடி ஒரு காட்சியில் உடைந்திருக்கும், பிறகு பார்க்கும் காட்சியில் முழுசாக இருக்கும். முழுசாக இருப்பது முந்தி நடந்தது. முகத்துக் கீறலும் இதேபோல நேரம் காட்டும்.

போலராய்டுகளில் எழுதியிருக்கும் வரிகள். ஒரு வரி எந்தச் சூழ்நிலையில் எழுதப்பட்டது என்பதைப் படம் பிறகுதான் காட்டும். வரியைப் பார்த்ததும் நோட்டில் இறக்கி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வையுங்கள். அது எழுதப்படும் காட்சி வரும்போது கேள்விக்குறியை அடித்துவிடுங்கள்.

முதல் முறை பார்க்கும்போது ரிமோட்டைத் தொட வேண்டாம். புரியவில்லை என்று பின்னால் தள்ளினால் அந்தாதிக் கொக்கி இன்னும் குழம்பும். புரியாத இடத்தை நோட்டில் குறித்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். முதல் இருபது நிமிடம் யாருக்குமே புரியாது. நாற்பதாவது நிமிடம் வாக்கில் ஒரு காட்சி முடிவதற்குள் 'ஓ, அந்தக் கதவு' என்று உங்கள் வாயிலிருந்தே வரும்.

6. படம் முடிந்த உடனே செய்யக்கூடாதது

தேடக்கூடாது. 'மெமெண்டோ கிளைமாக்ஸ் விளக்கம்' என்று நூறு வீடியோ இருக்கிறது. அவை அனைத்தும் ஒரு முடிவைச் சொல்லிவிடும். படமே சொல்லாமல் விட்டதைக்கூட உறுதியாகச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. ஒரு முறை கேட்டுவிட்டால் இரண்டாம் முறை உங்கள் கண்ணால் பார்க்க மாட்டீர்கள். படம் பார்ப்பதற்கு முந்தின நாட்களிலும் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். தேடிய அரை மணி நேரத்தில் அதன் முடிவைத் தலைப்பாகவே போட்ட வீடியோ உங்கள் போனில் வந்து நிற்கும்.

பத்து நிமிடம் உட்கார்ந்து, நோட்டின் வலப்பக்கத்தை ஒரு முறை படியுங்கள். எந்த வரியை இப்போது அடிக்க வேண்டும் என்று தோன்றுகிறதோ அதன் மேல் மெல்லிய கோடு போடுங்கள். அழிக்க வேண்டாம், நாளைக்குத் தேவைப்படும். பிறகு தூங்கப் போங்கள்.

7. இரண்டாம் முறை: சீட்டு எழுதி அடுக்குவது

இப்போது ரிமோட் உங்கள் கையில். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் நிறுத்தி ஒரு சீட்டு எழுதுங்கள்.

பெயர்கள் ஓடும் அந்தத் தலைகீழ்க் காட்சிக்குச் சீட்டு எண் 0. கலர் காட்சிகளுக்கு நீலப் பேனாவில் 1, 2, 3 என்று பார்க்கும் வரிசையில். கறுப்பு வெள்ளைக்குக் கறுப்புப் பேனாவில் க1, க2, க3. இரண்டும் தலா 22 வரும். உங்கள் எண்ணிக்கையில் ஒன்றிரண்டு கூடக் குறைய வந்தால் கவலை வேண்டாம், நீளமான காட்சியை இரண்டாகப் பிரித்திருப்பீர்கள். மனைவியைப் பற்றிய நினைவுகள் கலரில் நடுநடுவே மின்னும். அவற்றுக்குத் தனிச் சீட்டு போடாமல், எந்தக் காட்சியில் வந்ததோ அந்தச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள்.

சீட்டில் மூன்று விஷயம் போதும்: எப்படித் தொடங்கியது, என்ன நடந்தது, எப்படி முடிந்தது. தொடக்கத்தையும் முடிவையும் துல்லியமாக எழுதுங்கள், அவைதான் ஒட்டும் இடம்.

கறுப்பு வெள்ளையின் கடைசிச் சீட்டில் ஒரு அதிசயம் நடக்கும். லெனர்ட் எடுத்த போலராய்டில் மெல்ல உருவம் தெளியும், அதோடு சேர்ந்து திரையிலும் நிறம் ஏறிவிடும். நான்காம் முறை பார்க்கும்போதுதான் நான் அதைக் கவனித்தேன். இரண்டு ஓட்டமும் கைகோக்கும் இடம் அது. அந்தச் சீட்டை நீலத்திலும் கறுப்பிலும் எழுதுங்கள்.

அடுக்கும் முறை எளிது. தரையில் விரித்தால் வசதி, மின்விசிறியை அணைத்துவிடுங்கள். முதலில் க1-லிருந்து க22 வரை நேராக. அதன் பின்னால் நீலச் சீட்டுகளைத் தலைகீழாக, பெரிய எண்ணிலிருந்து 1 வரை. கடைசியில் 0. இதுதான் நடந்த வரிசை. படத்தின் முதல் காட்சி உங்கள் வரிசையில் கடைசிச் சீட்டாகக் கிடக்கும்.

இப்போது முதல் நாள் நோட்டை எடுத்து, 'கண்டது' வரிகள் ஒவ்வொன்றும் எந்தச் சீட்டில் விழுகிறது என்று பாருங்கள். எல்லாம் பொருந்தும். பிறகு 'நினைத்தது' வரிகளைப் பாருங்கள்.

8. நிறுத்திப் பார்க்க வேண்டிய மூன்று இடங்கள் (படம் பார்க்காதவர்கள் இதைத் தாண்டி ஒன்பதுக்குப் போய்விடுங்கள்)

*பேனாக்கள்.* நேட்டலி அறைக்குள் வந்து கண்ணில் படும் பேனாக்களை எல்லாம் பொறுக்கித் தன் பைக்குள் போட்டுக்கொள்கிறாள். பிறகு அவன் மனைவியைப் பற்றிக் கூசும்படி பேசி அவனைத் தூண்டுகிறாள். அவன் அடிக்கிறான். உதட்டில் ரத்தத்தோடு வெளியே போய்க் காரில் உட்காருகிறாள். உள்ளே அவன் இழுப்பறை இழுப்பறையாகத் தேடுகிறான், பேனா இல்லை. நடந்ததை எழுதிவிட வேண்டும் என்று தனக்குத் தானே முணுமுணுத்துக்கொண்டு தவிக்கிறான். கார்க் கதவு அறையும் சத்தம் கேட்கிறது. அவ்வளவுதான், மறந்துவிட்டான். அவள் உள்ளே வந்து டாட் அடித்ததாகச் சொல்கிறாள்.

நாம் முன்பே பார்த்த காட்சியின் தொடக்கம் இது. அப்போது அவளுக்காக நான் வருந்தி நோட்டில் எழுதியதுதான் 'நேட்டலி பாவம்'. அவள் காரில் காத்திருக்கும் அந்தச் சில விநாடிகளை நிறுத்தி அவள் முகத்தைப் பாருங்கள். கேரி ஆன் மோஸ் அங்கே ஒரு வார்த்தை பேசுவதில்லை.

*மனநல விடுதி நாற்காலி.* சாமி ஜாங்கிஸ் விடுதியில் உட்கார்ந்திருக்கும் கறுப்பு வெள்ளைக் காட்சி. அவருக்கு முன்னால் ஒருவர் குறுக்கே நடந்து போகிறார். அவர் கடந்த கணத்தில், ஒரு விநாடிகூட இல்லை, அந்த நாற்காலியில் சாமிக்குப் பதில் லெனர்ட் இருக்கிறான். நிறுத்தி, மெல்லத் தள்ளிப் பாருங்கள். சாமிக்கு மனைவியே இல்லை, சர்க்கரை நோய் இருந்தது உன் மனைவிக்கு என்று டெடி கடைசியில் சொல்வதையும் இதோடு வைத்துப் பாருங்கள். மனைவியின் தொடையைச் செல்லமாகக் கிள்ளும் நினைவும், அதே தொடையில் ஊசி போடும் நினைவும் மாறி மாறி மின்னும். டெடி சொன்னதும் ஒரு 'சொன்னான்'தான். எது நடந்தது என்று படம் கடைசிவரை அறுதியிட்டுச் சொல்லவில்லை. உங்கள் சீட்டிலும் அப்படியே விட்டுவிடுங்கள்.

*பதிவெண்.* வரிசைப்படி பார்த்தால், நிறம் ஏறியதற்குப் பின் வரும் முதல் கலர்ச் சீட்டு. டெடி உண்மையைச் சொன்ன பிறகு, இன்னும் அது நினைவில் இருக்கும்போதே, லெனர்ட் டெடியின் படத்தில் 'அவன் பொய்களை நம்பாதே' என்று எழுதுகிறான். டெடியின் கார்ப் பதிவெண்ணைக் குறித்துக்கொண்டு பச்சை குத்தப் போகிறான். சில நிமிடத்தில் மறந்துவிடுவோம் என்று அவனுக்குத் தெரியும். தன் கையெழுத்தைத் தான் நம்புவோம் என்றும் தெரியும். தீர விசாரிப்பதே மெய் என்போம். இவன் இன்சூரன்ஸ் நிறுவனத்தில் விசாரணை அதிகாரியாக இருந்தவன், விசாரிப்பதே தொழில். அப்படிப்பட்டவன் தெரிந்தே தனக்கு ஒரு பொய்க் குறிப்பு எழுதிக்கொள்கிறான். படத்தின் தொடக்கத்தில் நாம் பார்த்த கொலைக்கு ஆதாரம் அந்தக் குறிப்புதான். என் நோட்டிலும் 'டெடி சரியில்லை' என்று இருந்தது. போலராய்டைப் பார்த்து எழுதியது.

இந்தச் சீட்டை நான் அடுக்கியபோது காலை பத்து மணி. அதன் பிறகு கொஞ்ச நேரம் அடுத்த சீட்டை எடுக்கவில்லை.

9. இன்னொருவருக்குக் காட்டும்போது

பார்த்து முடித்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று மனம் துடிக்கும். கதையைச் சொல்லாதீர்கள், நோட்டையும் இரண்டு பேனாவையும் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்காருவதாக இருந்தால் திரையைப் பாருங்கள், அவர்கள் முகத்தைப் பார்க்காதீர்கள். 'இப்போ கவனி' என்று சொல்லவே கூடாது. உங்கள் சீட்டுகளை ரப்பர் பேண்டு போட்டு வேறு அறையில் வையுங்கள்.

போன மாதம் என் தங்கைக்குக் காட்டினேன். நோட்டில் 'கண்டது', 'நினைத்தது' என்று இரண்டு பத்தி போடச் சொல்லிவிட்டு, வேறு எதுவும் சொல்லாமல் நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். படம் முடிந்த பிறகு நோட்டைத் திறந்து பார்த்தேன். 'நினைத்தது' பக்கம் காலியாக இருந்தது. 'கண்டது' பக்கத்தில் ஏழு வரி. ஐந்தாவது வரியில், அவசரமாகக் கிறுக்கிய எழுத்தில், இப்படி இருந்தது: 'உதட்டில் காயம். யார் அடித்தது? காட்டவில்லை.'